பதினேழு டன்

அக். 1, 2003. புதன்

காலையிலிருந்து தூறல். ஏலக்காய்த் தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்புக்கான ஷாஃப்ட், முதல் சோதனை. சூடாக்காமல், அச்சுக்குள் அழுத்தியே கம்பி முனையை மெலிதாக்கும் வேலை. லேத்தில் கடைசல் வேண்டாம். என் கணக்கு: அழுத்த 17 டன் போதும். மீட்டரில் 18. சாம்பல் நிறக் கம்பிகள் வெண்ணெயாய் இறங்கின. பிரஸ் ஓட்டும் செல்லத்துரை அண்ணன், பரவாயில்லையே என்றார். டிப்ளமா படித்ததற்கு இன்றுதான் கூலி.

நாளை முதல் லீவு, ஆண்டிபட்டி. அம்மாவிடம் காட்ட ஒரு கம்பி பையில். குடை, அம்மா மாத்திரை மறக்கக் கூடாது.

அக். 6. திங்கள்

வெயில். ஆயுத பூஜை முடிந்து பட்டறை முழுக்கச் சந்தன வாசம். பிரஸ் கழுத்தில் வாடிய மாலை. அழுத்தினால் 29 டன்! பிரஸ்ஸின் வரம்பே 30. கிரீச்சென்று சத்தம், நிறுத்திவிட்டோம். அதே கட்டுக் கம்பி, அதே அச்சு. எப்படி?

வியாழன் பம்பு கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். ஓடாவிட்டால் ஆர்டர் இல்லை, நான் பழையபடி பில் எழுதப் போக வேண்டியதுதான். முதலாளி அண்ணாச்சி கோபப்படவில்லை, அதுதான் பயம். "ஒன் கணக்கு தப்பா, மிசினு தப்பா, ரெண்டுல ஒண்ணச் சொல்லு தாயி."

தெரியவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். 17, 17, 17. பூசணிக்காய் சரியாக உடையவில்லை என்கிறார் செல்லத்துரை அண்ணன். அதையும் கொஞ்ச நேரம் யோசித்தேன், வெட்கம். சாப்பிடவில்லை.

அக். 7. செவ்வாய்

பேனா தேடியபோது பையில் அந்தக் கம்பி. அதன் அழுத்தாத மறுமுனையைப் போட்டுப் பார்த்தோம். 18! அப்போதுதான் மற்றவற்றை உற்றுப் பார்த்தேன். எல்லாம் பளபள, ஒவ்வொன்றிலும் குங்குமப் பொட்டு. என்னுடையது மட்டும் சாம்பல். தலையில் அடித்துக்கொண்டேன். அந்தச் சாம்பல் அழுக்கில்லை, மதுரையில் கொடுத்துப் பூசி வாங்கிய வழுக்குப் பூச்சு. அது இருந்தால்தான் கம்பி வழுக்கி இறங்கும்.

யார் தேய்த்தது? செல்லத்துரை அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சிதான். பூசைக்கு முந்தின நாளு பூரா உப்புத்தாள வச்சுத் தேச்சாக. இந்தப் புள்ளையோட மொத வேல, சாமி முன்னால அழுக்கா இருக்கக் கூடாதுன்னாக."

இன்றே மதுரைக்கு ஆள் போனால் வியாழனுக்குள் பூசி வந்துவிடும். ஆனால் ஏன் என்று அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டுமே. எப்படிச் சொல்ல?

மதியம் அவரே வந்தார். கணக்கா, மிசினா என்று மறுபடி. இரண்டும் சரி என்றேன்.

"பெறகு?" என்று கையை விரித்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.