ஞானரட்ணம் கையால் எழுதிய தாள்

இயேசு மரி சூசை துணை

மேல்பிரிவு, வட்டகொடை
14.9.1986

அன்பு மகள் றோசலினுக்கு அம்மா எழுதிக்கிறது. மாதா கிருபையால நானும் அப்பாவும் நடமாடிக்கிட்டு இருக்கோம், லண்டன்ல நீயும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு தினம் செபமாலை சொல்றேன். அப்பாவுக்கு முழங்கால் வலி விடலை, இங்க மழையும் விடலை. உன் கடிதத்தைப் பிள்ளை மடுவத்துல, வேலைக்குப் போனவங்க பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டிக்கிட்டே, மூணு தடவை வாசிச்சேன். நஞ்சுக்கொடி வெறும் கழிவு இல்லை, ஓமோன் மாதிரிப் புரதங்களை அதுவே உண்டாக்கித் தாய் உடம்பைப் பிள்ளைக்குத் தக்கபடி மாத்துது, எலியோட நஞ்சுக்கொடியில அதுக்கான பரம்பரையலகு, ஜீன்கிறது, ரெண்டை உங்க ஆய்வுகூடத்துல நீங்க கண்டுபிடிச்சிருக்கீங்கன்னு எழுதியிருந்தே. எனக்குப் பாதிதான் விளங்குச்சு. ஆனா நஞ்சுன்னு வாசிச்சதும் உங்கக்கா தெரேசாதான் முன்னால வந்து நின்னா.

அப்போ உனக்குப் பன்னிரண்டு வயசு, உன்கிட்ட முழுசும் சொல்லலை. அவளுக்குப் பிள்ளை பொறந்துச்சு, நஞ்சு விழலை, ரத்தம் நிக்கலை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி குடுங்கய்யான்னு தோட்டத்துல மருந்து குடுக்கிற டிஸ்பென்சர் ஞானரட்ணம் காலைப் பிடிச்சேன். லொறி கொழுந்து ஏத்தப் போகணும், நஞ்சு தானா விழும், கத்தாம போன்னான். பொழுது சாயுமுன்ன போயிட்டா, மறுவாரம் பிள்ளையும் போச்சு. தோட்டத்துப் புத்தகத்துல தெரேசா செத்தது காய்ச்சல்லன்னு எழுதினான்.

போன ஞாயிறு பூசை முடிஞ்சு அவனே நம்ம லயத்துக்கு வந்தான். அவன் மகள் கம்பஸ்ல படிப்பு முடிச்சிருக்காளாம், உங்க ஆய்வுகூடத்துல இடம் வேணுமாம், நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம். என்னை அம்மான்னு கூப்பிட்டான். உக்காரச் சொல்லலை நான். தெரேசா எப்படிச் செத்தான்னு உங்க கையால எழுதுங்கன்னேன். எழுதினா என் மகளுக்குச் செய்வீங்களான்னு கேட்டான். முதல்ல எழுதுங்கன்னேன். நஞ்சு விழாம ரத்தம் போய்ச் செத்தா, லொறி நான்தான் குடுக்கலைன்னு எழுதிக் கையெழுத்து வச்சான். வாங்கி மடிச்சுக்கிட்டு, என் மகள் உங்களுக்காக ஒரு வரி எழுத மாட்டா, போங்கன்னு சொன்னேன். அவன்கூட வந்திருந்த மகள்பிள்ளை குடையோட வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டுச்சு, தெரேசா செத்த வயசுதான் இருக்கும். பாவமாத்தான் இருந்துச்சு. இருந்தும் என் மனசு இளகலை. நான் செஞ்சது பாவம்னு அப்பா பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கிறார். வருத்தமே இல்லாததைச் சாமியார்கிட்ட எப்படிச் சொல்றது?

தாளை இதோட வச்சிருக்கேன், பத்திரமா வை. அந்தப் பிள்ளை உனக்கு நேரா எழுதினாலும் எழுதும். பதில் போடாதே. உங்க ஆராய்ச்சி அச்சுல வரும்போது தெரேசா பேரை ஒரு ஓரத்துல போட முடியுமான்னு கேட்டுப் பாரு. நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உன் தலைமாட்டுல நிக்கட்டும்.

உன் அம்மா
மரியநாயகி