உச்சிக்காலத்துக்கு ஒரு ஜோடி கையுறை

என்னைப் பெறாமலே எனக்கு அம்மாவாகிப்போன மாமியாருக்கு,

உங்களுக்கு எழுதுவதைப் பத்திரிகைக்கு எதற்கு அனுப்புகிறாய் என்று உங்கள் பிள்ளை கேட்டார். வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வேறு வீடுகளிலும் இருப்பார்கள், அந்த வீட்டுப் பெண்களும் நம் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டுப் போகட்டும் என்றேன். கிணற்றடியில் நாம் பேசியதைப் பக்கத்து வீடு கேட்காத நாள் ஏது?

ஆமாம், மோட்டார் சைக்கிள்தான். நீங்கள் போன மறு வருஷம் வாங்கினார், பழைய வண்டி. சித்தப்பா பிள்ளைக்குப் பட்டணத்தில் வேலை கிடைத்ததும் அவன் பார்த்துவந்த கோயிலும் இவரிடம் வந்துவிட்டது. காலையில் செங்கம் சாலைப் பக்கம் அந்தக் கோயில். உச்சிக்காலத்துக்கு அடி அண்ணாமலை தாண்டி நம்முடைய கோயில். இரண்டுக்கும் நடுவே சைக்கிள் மிதித்தால் உச்சிப் பூஜை சாயரட்சையாகிவிடும். குடுமியும் வேட்டியுமாக அவர் முதல் நாள் தேரடி வழியாகப் போனபோது பூக்காரம்மா என்னை நிறுத்திச் சொன்னாள்: "சாமி மாட்டு மேல போவுது, நம்ம ஐயரு பெட்ரோல் மேல போறாரு."

நம்முடைய கோயில் என்று எழுதும்போதே உங்கள் முகம் வருகிறது. மாமா கடைசிவரை பூஜை செய்த இடம். நீங்கள் படுக்கையில் இருந்த நாட்களிலும், கூடத்து முற்றத்தில் வெயில் நேராக விழுந்ததும், "அங்க மணி அடிச்சிருப்பானோ?" என்று கேட்பீர்கள். அதற்குப் பிறகுதான் கஞ்சியைக் கையில் வாங்குவீர்கள்.

அந்த மணி இந்தப் பங்குனியில் நின்றுபோகப் பார்த்தது.

செங்கம் சாலைக் கோயிலில் பூஜை முடியும்வரை வண்டி வெளியே வெயிலில் நிற்கிறது. வந்து பிடித்தால் கைப்பிடி ரப்பர் தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. புறங்கை கருகித் தோல் உரிந்தது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. புண்பட்ட கையால் சுவாமியைத் தொடக்கூடாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? சில நாட்கள் நம் கோயிலில் உச்சிக்காலம் நடக்கவில்லை. காலைக் கோயிலைப் பக்கத்துக் கோயில் குருக்கள் பார்த்துக்கொண்டார்; இவ்வளவு தூரம் வர வேறு குருக்கள் கிடைக்கவில்லை.

ஊர்த் தர்மகர்த்தா வீட்டுக்கே வந்துவிட்டார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஐயரே, சாமி உச்சிக்குப் பட்டினியா கெடக்குது. உங்களால முடியலன்னா சொல்லிடுங்க, நாங்க வேற ஆளு பாத்துக்கறோம்" என்றார். இவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையுறை வாங்கலாம் என்று போனேன். கடையில் இருந்தது ஒரே ஜோடி. பட்டாளத்துக்காரர் யாரோ விற்றதாம். முழங்கை வரைக்கும் தோல், உள்ளே கம்பளி. "இது குளிருக்குப் போடறதுங்க. நம்மூரு வெயில்ல போட்டா கை வெந்துடும்" என்று கடைக்காரரே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். மெல்லிய தோலில் வேலூரில் சொல்லித் தைக்கலாம் என்றார். நான் ஆசையோடு வந்து சொன்னேன். தோல் நம் வீட்டு வாசற்படி தாண்டாது என்பது எனக்கு மறக்கவில்லை. வண்டியிலேயே மாட்டி வைத்துவிடலாம் என்றுதான் யோசித்தேன்.

அவர் தலையசைத்தார். "அம்மா இல்லேன்னா, அம்மா சொன்னதும் இல்லேன்னு ஆயிடுமா?"



தோல் ஆகாது என்றால் ஆசாரத்துக்கு உகந்தது எது? பட்டு. மெல்லியது, காற்றாக இருக்கும், தீட்டில்லை. நீங்கள் எனக்குக் கொடுத்த அரக்குப் புடவையில் நைந்த ஓரத்தை வெட்டி, இரண்டு நாள் உட்கார்ந்து கையாலேயே தைத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "கைக்குக் கல்யாணமா?" என்று சிரித்தார். அன்று மத்தியானம் சும்மா ஓட்டிப் பார்க்கப் போனார்; அடி அண்ணாமலை தாண்டி வண்டித் தடத்தில் சக்கரம் குதித்ததும் கை பிடியிலிருந்து வழுக்கிவிட்டது. வண்டி உழுத கொல்லைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. தூக்கிவிட்ட ஆள், "இன்னா ஐயரே, கைக்குப் பட்டு கட்டிக்கினு வந்துட்டீங்க?" என்று கேட்டானாம்.

வீட்டுக்கு வந்து மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "மோட்டார் சைக்கிளுக்கு மடி ஆசாரம் தெரியாதுடி."

கல்லூரியில் உராய்வைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவள், அம்மா, நான். துணி எடுக்கும்போது எனக்கு உங்கள் ஆசாரம்தான் ஞாபகம் இருந்தது. இதைக் கேட்டால் நீங்கள் சிரித்திருப்பீர்களா, என்னைத் திட்டியிருப்பீர்களா?

அடுத்தது தையற்கடை பாய் தைத்துக் கொடுத்த காக்கித் துணிக் கையுறை. இனி அவர் கையில் சோதனை வேண்டாம் என்று நானே போட்டுக்கொண்டு நடுமத்தியானத்தில் கிணற்றில் தண்ணீர் இழுத்தேன். வழுக்கவில்லை. ஆனால் வியர்வையில் ஊறிக் கல்லாகிவிட்டது. விரலிடுக்கில் உள்தையல் அறுத்தது. பாயிடம் கையைக் காட்டினேன். "துணி கெட்டி ஜாஸ்திம்மா, காத்து கம்மி" என்று அவரும் வருத்தப்பட்டார்.

அன்று இவர் சாப்பிட உட்கார்ந்தபோது கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் அதை வாங்கி வந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? தோல் வாரோடு உள்ளே வரப் பார்த்தவரை நிறுத்தி, வாரைக் கத்தரித்து வெளியே போட்டுவிட்டு, கட்டில் நாடாவில் ஒரு துண்டை மடித்துத் தைத்துக் கொடுத்தீர்கள். "தோல் வெளியில நிக்கட்டும். கடிகாரம் உள்ள வரட்டும்." நீங்கள் தோலைத்தான் வேண்டாம் என்றீர்கள், கடிகாரத்தை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. எத்தனை கோடைகள் ஆயிற்று, அந்த நாடா வியர்வையில் வழுக்கியதும் இல்லை, மணிக்கட்டை அறுத்ததும் இல்லை.

மறுநாளே கட்டில் நாடா வாங்கினேன். உள்ளங்கைக்கு அதைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்தேன். சொரசொரப்பு, பிடியை விடாது, வியர்வையை உறிஞ்சும். புறங்கைக்கு வெள்ளை நூலில் குரோஷாப் பின்னல். ஓட்டும்போது பின்னலின் கண்கள் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும், வெயில் மட்டும் தோலில் நேரே விழக்கூடாது. கறுப்பு நூல் அழுக்குத் தெரியாது என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். சூடு குடிக்குமே என்று வேண்டாமென்றேன். தையல்கள் எல்லாம் வெளிப்பக்கம். விரல் நுனிகளைத் திறந்து விட்டேன். விரல் மடக்கினால் உள்ளே துணி சுருளாதபடி மூன்று முறை பிரித்துத் தைத்தேன். போட்டுக்கொண்டு தண்ணீர் இழுத்தேன். பிறகுதான் அவரிடம் கொடுத்தேன்.

கை முழுதாக ஆறும்வரை காத்திருந்தோம்; தர்மகர்த்தாவும் பொறுத்துக்கொண்டார். முதல் நாள் அவர் போனதும் முற்றத்து வெயிலைப் பார்த்தபடி நின்றேன், நீங்கள் பார்ப்பது போலவே. திரும்பி வந்தவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். புதிதாக வந்த தோல் அப்படியே இருந்தது.

"மணி?" என்றேன்.

"அடிச்சாச்சு."

கையுறையைத் துவைத்தேன். தோலாக இருந்தால் தினம் துவைக்க முடியுமா? ஆனால் எங்கே உலர்த்துவது என்று ஈரத்தோடு நின்றுவிட்டேன். பிறகு உங்கள் கோலை எடுத்து, உயரத்தில் உங்கள் மடிக்கொடியில், அவருடைய பூஜை வேட்டிக்குப் பக்கத்தில் தள்ளிப் போட்டேன். நீங்கள் இருந்தால் விட்டிருப்பீர்களா? தெரியவில்லை. தப்பென்றால் கனவில் வந்து சொல்லுங்கள். வேறு கொடி கட்டிவிடுகிறேன்.

நாடா நைந்துபோகும். ஒவ்வொரு பங்குனி பிறப்பதற்கு முன்பும் புது ஜோடி தைத்து வைப்பேன். என் கண் பார்க்கும்வரை, என் கை ஊசி பிடிக்கும்வரை, நம் கோயிலில் உச்சிக்கு மணி அடிக்கும், அம்மா. நீங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். நான் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கூடத்தில் உங்கள் இடத்தில் நின்று வெயில் பார்க்கும் மருமகள்