தூறல் மேல் போட்ட பழி

ஆஸ்டின் டவுன்,
பெங்களூரு.

அன்புள்ள கேரல் அக்காவுக்கு,

மஸ்கட்டிலும் மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே டவர் இல்லை என்கிறாய். உன் டவர் எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம். கிழிக்காமல் கடைசிவரை படி.

என் டிரேவர் பிழைத்துக்கொண்டான். நிமோனியா முற்றி, கிருமி ரத்தத்தில் கலந்து, பிள்ளை துவண்டு கிடந்தான். இப்போது எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரி இட்லி ரப்பர் மாதிரி இருக்கிறதென்று என்னிடம் சண்டை போடுகிறான். நாலு வயதுக்கு வாயைப் பார்!

ஆனால் டாக்டர் வித்யாலட்சுமி விடவில்லை. காதில் சீழ், நெஞ்சில் சளி என்று திரும்பத் திரும்ப ஏன் வருகிறது, ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார். அம்மா வழியில் சின்ன வயதிலேயே தவறிய ஆண் குழந்தை உண்டா என்று கேட்டார். "யாரும் இல்ல டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர். பாவம், ஆண்ட்ரூவுக்கு எப்படித் தெரியும்? உன் மனம் நோகுமென்று நம் வீட்டில் அந்தப் பெயரையே யாரும் எடுப்பதில்லையே. நான்தான், "இருந்தான் டாக்டர். எங்க அக்கா பையன், ஆம்ப்ரோஸ்" என்றேன். எத்தனை வருடம் கழித்து அந்தப் பெயரைச் சொன்னேன்! வாய் இனித்தது, அழுகையும் வந்தது.

அன்று மத்தியானம் டிரேவர் பக்கத்தில் தலை சாய்த்தேன். சொட்டுச் சொட்டாக மருந்து இறங்குவதைப் பார்த்தபடி கண் சொக்கியது. கனவில் மாதா திருவிழாத் தேர், வேண்டுதலுக்குக் காவிப் புடவை கட்டிய கூட்டம், லேசான தூறல். நடுவில் நீ, உன் தோளில் ஆம்ப்ரோஸ். அவன் நாக்கை நீட்டி மழையைப் பிடித்துக்கொண்டிருந்தான். கண் விழித்த பிறகும் வெகுநேரம் என் கன்னம் ஈரமாகவே இருந்தது.

ரிசல்ட் வந்துவிட்டது. கிருமியை எதிர்க்கும் சத்து டிரேவர் ரத்தத்தில் இல்லவே இல்லையாம். பிறவியிலேயே வந்த குறை. அம்மா வழியாக வந்து ஆண் பிள்ளைகளைப் பிடிப்பது. மாதாமாதம் அந்தச் சத்தை ஏற்றினால் பள்ளிக்கூடம் போவான், பந்து விளையாடுவான். ஆம்ப்ரோஸுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்கிறார் டாக்டர். திருவிழாத் தூறலில் நனைந்த பிறகுதான் அவன் போனான் என்று சொன்னேன். "தூறல்ல நனைஞ்சா இப்படி ஆகாதும்மா. அவங்க மேல தப்பே இல்ல" என்றார். பிள்ளையை நனையவிட்டு நீயே கொன்றாய் என்று பெரியம்மா சொன்னதையெல்லாம் தூக்கிக் குப்பையில் போடு அக்கா. தூறலில் நீ தூக்கிக்கொண்டு போனதால் அவன் போகவில்லை.

உன் வயிற்றில் இருப்பதும் பையனாமே. அவனை வாசற்படி தாண்ட விடமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். கதவைப் பூட்டினால் இது நிற்காது. நாளைக்கே உன் டாக்டரிடம் ஆம்ப்ரோஸைப் பற்றிச் சொல். பிள்ளை பிறந்ததும், தடுப்பு மருந்து எதுவும் கொடுக்கும் முன் ரத்தம் பார்க்கச் சொல். முதலிலேயே தெரிந்தால் காப்பாற்றிவிடலாமாம். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அம்மா பீரோவிலிருந்து ஆம்ப்ரோஸ் படத்தை எடுத்து, துடைத்து, மாதாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அடுத்த வருடத் திருவிழாவுக்கு நீ வரவேண்டும். சின்னவனை நீயே தோளில் போட்டுக்கொண்டு தேருக்குப் பின்னால் நட. தூறினால் தூறட்டும் அக்கா.

என்றும் உன் தங்கை,
பவுலின்