‘லங்கதீ’ என்றால் எப்போது?

காலையில், மலை ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியடியில் ஒரு கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். இது புதிதல்ல. நீ போன பிறகு முகம் கழுவுவதற்கு முன்னால் நான் செய்கிற முதல் வேலை அதுதான். இன்றைக்குத் தண்ணீர் தெளிவாக இல்லை. ஒரேயடியாகக் கலங்கியும் இல்லை. ஒரு சொட்டுப் பால் விழுந்தது போல, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு மங்கல். மூக்கருகே கொண்டுபோனேன். பச்சை மண் வாசனை. உடனே உன் குரல் கேட்டது. “என்னா மிஸ்ஸு, இன்னும் பாத்துக்கிட்டு நிக்கிற?”

நிற்கவில்லை. மகள் கவியை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கள் மேட்டு லயத்து வரிசை வீடுகளின் கதவுகளை எல்லாம் தட்டினேன். இப்போது மேலே ஸ்கூலில், மூன்றாம் வகுப்பு அறையில் இருக்கிறோம். தகரத்தின் மேல் மழை. சின்னக் கதிரைகளில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். மாரியாயி அக்கா இது மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டார்: “சோறு பாதி வெந்துக்கிட்டு இருந்திச்சு. இந்தப் புள்ள வந்து அடுப்ப அணைக்க வச்சிருச்சு.” நான் கவியின் சித்திரக் கொப்பியின் பின்பக்கத்தில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தாமதமாகத்தான் எழுதுகிறேன். நேரம் இல்லாமல் இல்லை. எழுதினால் ஒன்றைச் சொல்ல வேண்டிவரும். அதற்குப் பயந்துதான் இவ்வளவு நாள் சும்மா இருந்தேன்.

நிலூகா மிஸ் முதன்முதலில் நம் தோட்டத்துக்கு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். மண்ணையும் மலையையும் ஆராய்கிறவர். சிங்களமும் இங்கிலிஷும்தான் பேசுவார். கெம்பஸ் படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் கைப்பிள்ளையோடு இருந்த எனக்கு, அவர் பேசுவதைத் தமிழில் சொல்கிற வேலை கிடைத்தது. கவியை உன்னிடம் விட்டுவிட்டு அவரோடு மலை ஏறினேன். கொழுந்து பறிக்கப் போகிற அம்மாக்கள் எல்லாரும் பிள்ளைகளை நீ பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில்தானே விடுவார்கள். சாயந்தரம் நான் கவியைத் தூக்க வந்தால் நீ விடமாட்டாய். “கெம்பஸ் மிஸ்ஸு, இன்னைக்கி என்னா சொன்னாங்க? ஒண்ணு விடாம சொல்லு.” சொன்னால் அதிலிருந்து பத்துக் கேள்வி கேட்பாய். எனக்கே பதில் தெரியாது. கடைசியில் ஒரு நாள் கோபம் வந்து, “நீயே வந்து கேளு டி” என்றேன்.

நீ வந்தாய். சும்மா வரவில்லை, போனில் ரெக்கோர்ட் போட்டுக்கொண்டு வந்தாய். அப்படித்தான் நம்முடைய அந்தப் பேச்சுகள் தொடங்கின. மிஸ்ஸும் அவரோடு வருகிறவர்களும் சொல்வார்கள், நான் தமிழில் சொல்வேன், நீ கேள்வி கேட்பாய். பத்து நிமிடம் சேர்ந்ததும் லயத்து வட்ஸ்அப் குழுவில் போடுவாய். பெரியவர்களும் காதில் வைத்துக் கேட்டார்கள். எங்கள் மேட்டு லயத்திலும் உங்கள் பள்ளத்து லயத்திலும் கல்லைப் பற்றியும் கோளைப் பற்றியும் பேச்சு வந்தது என்றால் அது உன்னால்தான்.

நிலூகா மிஸ்ஸோடு ஒரு மாதம் தங்கிப்போன அந்த நெட்டை வெளிநாட்டுக்காரரைக் குழந்தைகள் ‘செவ்வாய் மாமா’ என்று கூப்பிட்டார்கள். செவ்வாய்க் கிரகத்தின் படங்களைப் பார்த்து அங்குள்ள மண்ணை ஆராய்கிறவர். செவ்வாயிலும் மலை சரிகிறது, நம் நாட்டையே மூடுகிற அளவுக்குப் பெரிய சரிவுகள் எல்லாம் இருக்கின்றன என்று அவர் சொன்னபோது நீ சட்டென்று கேட்டாய்: “யாரு வீட்டு மேல விழும்?”

“யார் வீட்டின் மேலும் இல்லை. அங்கே யாரும் இல்லையே” என்றார்.

“குடுத்து வச்ச மலை” என்றாய்.

அதை எப்படி இங்கிலிஷில் சொல்வது என்று நான் திணறியது இன்னும் அந்த ரெக்கோர்டில் இருக்கிறது. நீ பின்னால் சிரிப்பதும் இருக்கிறது.

அவரே இன்னொரு நாள் சொன்னது எனக்கு இப்போதுதான் புரிகிறது. நிலவில் மழையும் இல்லை, காற்றும் இல்லை. அங்கே பட்ட காயம் எத்தனையோ கோடி வருடம் அப்படியே கிடக்கும். பூமி அப்படியில்லை. மழையாலும் புல்லாலும் தன் மேல் பட்டதையெல்லாம் அழித்துக்கொண்டே இருக்கும். நீ அப்போது, “நல்லதுதானே மிஸ்ஸு, எல்லாத்தையும் ஞாபகம் வச்சிக்கிட்டு இருந்தா பூமி எப்பிடி வாழுறது?” என்றாய்.

உன் பள்ளத்து லயம் இருந்த இடத்தில் இப்போது மானாப்புல் இடுப்பளவு நிற்கிறது. புதிதாக வருகிறவர்களுக்குச் சொன்னால்தான் தெரியும். இந்தப் பூமியும் நிலவாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

பள்ளத்து லயத்துக்கு மேலே உள்ள சரிவைக் காட்டி நிலூகா மிஸ் ஒரு நாள் சிங்களத்தில் சொன்னார்: இந்த மலை லங்கதீ ஒரு தடவை நகர்ந்திருக்கிறது. உனக்கும்தான் சிங்களம் தெரியுமே. சமீபத்தில் என்று அர்த்தம். நான் வாய் திறப்பதற்கு முன்னால் நீ நெஞ்சில் கை வைத்துவிட்டாய். “ஐயோ, எப்ப மிஸ்? நாங்க தூங்கையிலயா?”

மிஸ் விரலை விரித்துக் கணக்குப் போட்டுவிட்டு, சில ஆயிரம் வருடம் இருக்கும் என்றார். இந்தக் கற்களின் வயசுக்கு அது நேற்றுப் போலத்தானாம். நீ தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன். மிஸ்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அது நம்முடைய சொல். நீ தேத்தண்ணி போடப் பிந்தினால் “லங்கதீ வரும்” என்பாய். ஹட்டன் பஸ் வராவிட்டால் லங்கதீ வரும். எனக்கு நிரந்தர வேலை கிடைப்பதும் லங்கதீ. ரெக்கோர்டைக் கேட்டு லயம் முழுக்க அந்தப் பகிடி பரவியது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில்கூடச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆனால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. ‘சமீபத்தில் நடந்தது’ என்பதற்கும் ‘சீக்கிரம் நடக்கும்’ என்பதற்கும் சிங்களத்தில் அதே சொல்லைச் சொல்வார்கள். எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் மிஸ் மடுவத்தில் கூட்டம் வைத்தார். இரண்டு லயத்து ஆட்களும் வந்திருந்தார்கள். பள்ளத்து லயத்துச் சரிவு லங்கதீ திரும்பவும் இறங்கலாம் என்றார். நான் ‘சீக்கிரம்’ என்று சரியாகத்தான் சொன்னேன். எல்லார் முகமும் செத்துப்போனது. பின்வரிசையிலிருந்து உன் பக்கத்து வீட்டு ராசு மாமா கேட்டார்: “சீக்கிரம்னா எப்பம்மா?”

அந்த முகங்களை என்னால் பார்க்க முடியவில்லை. போவதற்கு வேறு வீடு இல்லாத ஆட்களிடம் வீட்டை விட்டுப் போங்கள் என்று சொல்கிற வாய் என்னுடையதாக இருக்கிறதே என்று பயந்தேன். மடியில் கவி அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். “அவங்க லங்கதீ நமக்குத் தெரியாதா மாமா? ஒங்க பேரப்புள்ளைக்கும் பேரப்புள்ள வந்துரும்.”

மடுவமே சிரித்தது. நீயும் சிரித்தாய். ரெக்கோர்டில் உன் சிரிப்புத்தான் முதலில் கேட்கிறது.

நிலூகா மிஸ் என் பக்கம் குனிந்து, ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை மிஸ், களைத்துப்போயிருக்கிறார்கள் என்றேன். பிறகு அவர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். சுவரில் வெடிப்பைப் பாருங்கள், மரம் சாய்கிறதா பாருங்கள், பீலித் தண்ணீர் கலங்கினால் அன்றைக்கே போய்விடுங்கள். சொன்னேன். ஆனால் சிரித்து முடித்தவர்களின் காதில் அது எவ்வளவு ஏறியிருக்கும்?

உன் காதில் ஏறியிருந்தது. உன் காதில் மட்டும்.

விடாமல் மழை பெய்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நீ எனக்குப் போன் எடுத்தாய். “மிஸ்ஸு, பீலியில தண்ணி கலங்கி வருது. கண்ணாடிக் கிளாஸ்ல புடிச்சுப் பாத்தேன். பச்ச மண்ணு வாசம் அடிக்குது.”

“ஓடு டி! அப்பிடியே ஓடு!”

“இரு, லயத்து ஆளுங்களையும் கூட்டிக்கிட்டுப் போறேன்.”

“நீ மொதல்ல வெளிய போ.”

“கத்தாத புள்ள, கவி முழிச்சுக்கும். லங்கதீ வாறேன்.”

அவ்வளவுதான். அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு நடந்ததை ராசு மாமாதான் எனக்குச் சொன்னார். நீ ஒவ்வொரு கதவாகத் தட்டினாயாம். பாதிப் பேர் பிள்ளைகளோடு கிளம்பிவிட்டார்கள். மாமா மட்டும் வாசலில் நின்று உன்னைக் கேலி செய்தாராம். “பேரப்புள்ளைக்குப் பேரப்புள்ள வரணும்னு ஒன் கூட்டாளிதானே சொல்லுச்சு? போ, போயி தேத்தண்ணி ஊத்து.” நீ அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று மேட்டுக்கு இழுத்துவிட்டு, கடைசி வீட்டுக் கிழவனையும் கிழவியையும் கூட்டிவரத் திரும்பி இறங்கினாயாம். அப்போதுதான் மலை சரிந்ததாம். “நான் சிரிச்சிக்கிட்டு நின்ன நேரம் இருக்கு பாரும்மா, அந்த நேரம் மட்டும் கெடச்சிருந்தா அந்தப் புள்ள மூணு பேரா மேல வந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்பு என் வாயிலிருந்து போனது. அதை அவரிடம் அன்றைக்கு நான் சொல்லவில்லை. அவரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

உன்னை எடுக்கவே இல்லை. தேடினார்கள், மழை திரும்ப வந்தது, நிறுத்திவிட்டார்கள். கும்பிட்டு நிற்க உனக்கு ஒரு குழிமேடுகூட இல்லை. கல்லோடு கல்லாகக் கிடக்கிறாய். நிலூகா மிஸ்ஸின் கணக்கில் நீ போனது லங்கதீ. என் கணக்கிலும் அப்படித்தான் டி. இன்னும் நேற்றாகத்தான் இருக்கிறது.

போன மாதம் மிஸ் திரும்ப வந்தார். எங்கள் மேட்டு லயத்துக்கும் மேலே வெடிப்பு விட்டிருக்கிறது. கூட்டத்தில் பேச என்னைக் கூப்பிட்டார். முடியாது என்றேன். காரணம் கேட்டார். டவுனில் தேத்தண்ணிக் கடையில் வைத்து, அன்றைக்கு ஏன் சிரித்தார்கள் என்பதைச் சொன்னேன். அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். திட்டுவார் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. “நான் ஒரு தடவை கேட்டேன். நீ ஒன்றுமில்லை என்றாய். இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும்” என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாதது நல்லது. எழும்பும்போதுதான், “அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தமும் தெரிந்த ஆள் நீதான். நீயே வா” என்றார்.

போனேன். அதே மடுவம். உயிர் தப்பி இப்போது எங்கள் மேட்டு லயத்தில் ஒண்டியிருக்கிற உன் லயத்து ஆட்களும் வந்திருந்தார்கள். எல்லார் முன்னாலும் முதலில் நான் செய்ததைச் சொன்னேன். மிஸ் சொன்னதை நான் பகிடியாக்கினேன், அந்தப் பகிடியை நம்பித்தான் நீங்கள் சிரித்தீர்கள் என்று சொன்னேன். ராசு மாமா வெளியே எழும்பிப் போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, அதே கேள்வியைக் கேட்டார்.

“சீக்கிரம்னா எப்பம்மா?”

“பீலித் தண்ணி கலங்குற அன்னைக்கி மாமா. சோறு வெந்துக்கிட்டு இருந்தாலும் சரி.”

அதனால்தான் இன்றைக்கு மாரியாயி அக்கா அடுப்பை அணைத்தார். முணுமுணுத்துக்கொண்டே அணைத்தார். ஆனால் அணைத்தார்.

எனக்குப் பயம் இன்னும் போகவில்லை. கவி இருமினால் பயம், காற்றடித்தால் பயம். கொழும்பில் கடையில் வேலைக்கு நிற்கிற கவியின் அப்பா போனில் கேட்கிறார், “இப்பிடியே எத்தன நாளைக்கித் தண்ணியப் பாத்துக்கிட்டு இருப்ப?” என்று. தெரியவில்லை. அன்றைக்கு மடுவத்தில் பயந்து உண்மையைச் சிரிப்பாக்கினேன். இப்போது அதே பயத்தோடு கதவைத் தட்டுகிறேன். மாறியது அவ்வளவுதான்.

காலையில் பிடித்த தண்ணீரைக் கொட்டாமல் கவியின் சட்டையில் சுற்றிக் கொண்டுவந்தேன். பாதி சிந்திவிட்டது. மிச்சம் ஜன்னல் கட்டையில் இருக்கிறது. மேலே தெளிந்துவிட்டது, அடியில் நூல் அளவு மண் நிற்கிறது. ராசு மாமா வந்து குனிந்து பார்த்தார். மழை கொஞ்சம் விட்டிருக்கிறது.

“எப்பம்மா வீட்டுக்குப் போகலாம்?”

வாயில் அந்தச் சொல் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். “தெரியாது மாமா. மிஸ் வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் இங்கதான்.”

அவர் தலையாட்டிவிட்டு ஒரு சின்னக் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மலை இன்றைக்கு அப்படியே நின்றுவிட்டால், நாளைக்குப் பீலியடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சோறு பாதி வெந்து நின்ற கதையை வருடக்கணக்கில் சொல்லுவார்கள். சிரிக்கட்டும். போன தடவை அந்தச் சிரிப்பை நீ வாங்கினாய். இந்தத் தடவை நான் வாங்கிக்கொள்கிறேன்.