வளைவில் மூன்று மீன்கள்

மார்ச் 13, வியாழன். வென்ட்வேர்த்வில்
காலை முழுக்கத் தூறல். தூண்டில், இரப்பர் சப்பாத்து, கம்பளிச் சட்டை காரில் ஏற்றியாயிற்று. நான்கு கோடையாகத் தேடும் புரூக் ட்ரவுட் மீனுக்காக நாளை மலைக்குப் பயணம். பண்ணையில் வளர்த்து விட்டது வேண்டாம். மலை ஓடையில் தானாகப் பெருகியதுதான் வேண்டும். மாரடைப்பு வந்து, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம். டாக்டர் போகலாம் என்கிறார். மனைவி சுகந்தி கேட்பதாயில்லை.
"தனியப் போக விடமாட்டன். நானும் வாறன்."
தூண்டிலைத் தொட்டும் பார்க்காதவள். எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் அவளுடைய பையையும் காரில் ஏற்றினேன்.

மார்ச் 14, வெள்ளி. கூமா
இந்த மலையடிவார ஊருக்கு ஐந்தரை மணி நேர ஓட்டம். பாதித் தூரம் அவள் ஓட்டினாள். சாப்பாட்டுக் கடையில் என் தட்டிலிருந்த சிப்ஸைத் தன் பக்கம் இழுத்தாள்.
"உப்பு."
"ஐஞ்சு மாசமா என்னை நோயாளியாத்தான் பாக்கிறீர்."
மோட்டல்வரை காரை அவளே ஓட்டினாள்.

மார்ச் 15, சனி
வெயில். காற்று மட்டும் குளிர். காரை விட்டு இரண்டரை மணி நடை. முதல் குளம், ஒன்றுமில்லை. இரண்டாவதில் தவளை. அதற்கு மேலே ஓடை. ஒரு எட்டில் தாண்டலாம். தாண்டும்போது சுகந்திக்குக் கால் பிரண்டது.
"நான் இதில இருக்கிறன். நீங்கள் மேல போய்ப் பாத்திட்டு வாங்கோ. மாத்திரை பொக்கற்றில இருக்கோ?"
"ஓம்."
முக்கால் மணி வீசினேன். வெறுங்கை. திரும்பி வந்தால் பை கிடக்கிறது, அவள் இல்லை. கூப்பிட்டேன். சத்தமில்லை. போனில் சிக்னலும் இல்லை. தூண்டிலை எறிந்துவிட்டு ஓடினேன். அன்றைக்கு என்னை ஏற்றிய அம்புலன்சுக்குப் பின்னால் இவளும் இப்படித்தான் ஓடியிருப்பாளோ?
கீழ் வளைவில், கரையோரம் குப்புறக் கிடந்தாள். விழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன். ஒரு கை மட்டும் உயர்ந்தது.
"உஷ்... மெல்ல வாங்கோ."
"கூப்பிட்டது கேக்கேல்லையோ?"
"கேட்டது. கதைச்சால் ஓடிடுமெல்லே."
கோபம். பிறகு கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் படுத்தேன். கரைக்கடியில் மூன்று மீன், உள்ளங்கை நீளம். சிவப்புப் புள்ளிகள். செட்டை ஓரத்தில், படங்களில் பார்த்த அதே வெள்ளைக் கோடு. தேடிய புரூக் ட்ரவுட்தான்.
"தூண்டில் போட்டுப் பிடிக்கேல்லையோ?" என்றாள்.
"இல்லை. பாப்பம்."
என் மணிக்கட்டில் விரல் வைத்தாள். நாடி பார்க்கிறாள். கையை இழுக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு
மழை. நேற்று என் தோளைப் பிடித்துக் கார்வரை நடந்ததில் அவளுடைய கணுக்கால் நல்ல வீக்கம். ஐஸ் வைத்தேன். வீடுவரை நான்தான் ஓட்ட வேண்டும். காரில் ஏறியதும் சொல்கிறாள், "அந்த வளைவுக்கு அங்கால நாங்கள் பாக்கேல்லை."