வெட்டுப்பட்ட கடைசிப் பத்தி

மார்ச் 3, செவ்வாய்

ஏழு நாள், எழுபத்திரண்டு கிலோமீட்டர். பாதி சேறு, மீதி மணலும் பாறையும். மூன்று முகத்துவாரங்கள், எதிலும் பாலம் இல்லை. ஏப்ரல் முதல் வாரம் தனியாகப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன்.

முப்பத்தோரு வருடம் நிருபர் வேலை. ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகிறது. இந்தக் கரைப் பாதையைப் பற்றிப் பத்தொன்பது வருடத்துக்கு முன் அரைப்பக்கக் கட்டுரை ஒன்று எழுதியிருக்கிறேன். முதல் நாள் தூரத்தை மட்டும் நடந்துவிட்டு, மிச்சத்தை வனக்காவலர்களிடம் தொலைபேசியில் கேட்டு எழுதியது. அந்த உறுத்தல் போகவே இல்லை. ஒரு தடவையாவது முழுக்க நடந்துவிட வேண்டும்.

வீட்டுக்காரர் என் பையைத் தராசில் வைத்தார். பதினான்கு கிலோ. "கல்யாணம் ஆனதுலேர்ந்து நீ ஒரு பால் பாக்கெட் தூக்கி நான் பாத்ததில்ல" என்றார். சொல்லிவிட்டு இரண்டு புத்தகங்களில் ஒன்றை எடுத்து வெளியே வைத்தார்.

மார்ச் 5, வியாழன்

புது பூட்ஸோடு மொட்டை மாடியில் நாற்பது சுற்று. இடது குதிகாலில் கொப்புளம். கீழ் வீட்டுக்காரர் வந்து, மேலே மாடு ஏதாவது வாங்கியிருக்கிறோமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மார்ச் 9, திங்கள்

கடல் ஏறி இறங்கும் நேரங்களைக் கேட்க வனக்காவலரைத் தொலைபேசியில் பிடித்தேன். குரலில் வயது தெரிந்தது. பொறுமையாக ஒவ்வொரு நாளுக்கும் நேரம் சொன்னார். நான் அட்டவணை போட்டுக்கொண்டே வந்தேன். நடுவில் சொன்னார்:

"பழைய பேப்பர் கட்டிங் ஒண்ணு இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு மேடம். அத நம்பி வந்துடாதீங்க. மூணாவது முகத்துவாரத்தப் பத்தி அதுல ஒரு வார்த்தை கிடையாது."

எந்தப் பேப்பர் என்று கேட்டேன். என் பேப்பர். தலைப்பையும் சொன்னார். என் கட்டுரை.

"இருக்குமே. கடைசில எழுதியிருக்குமே" என்றேன்.

"இல்ல மேடம். எனக்கு நல்லாத் தெரியும். ஒரு ஆளோட சட்டைப் பையிலேர்ந்து அத நான்தான் எடுத்தேன். பிளாஸ்டிக் கவர்ல பத்திரமா வச்சிருந்தாரு. ஆள் போயிட்டாரு, பேப்பர் நனையவே இல்ல."

எழுதியது நான் என்று சொல்லவில்லை. அவர் ஆறாம் நாள், ஏழாம் நாள் நேரங்களைச் சொன்னார். நானும் எழுதிக்கொண்டேன். நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

இருக்கும். அந்தப் பத்தி இருக்கும். நான் எழுதினேன். எழுதினேனே?

மார்ச் 11, புதன்

அலுவலகத்தில் பழைய இதழ்களைக் கட்டி வைத்திருக்கும் அறை. நூலகர் தொகுதியை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்றும் ஓயவில்லையா என்று சிரித்தார்.

பக்கம் ஒன்பது. கட்டுரையின் கடைசி வரி கொக்குகளைப் பற்றியது. அதற்குக் கீழே சோப்பு விளம்பரம். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து பரணில் இருந்த பெட்டியை இறக்கினேன். தட்டச்சுப் பிரதி கிடைத்தது. கொக்குகளுக்குக் கீழே இருக்கிறது: 'மூன்றாவது முகத்துவாரத்தைக் கடல் இறங்கும் நேரத்தில் மட்டுமே கடக்க வேண்டும். ஏறத் தொடங்கிவிட்டால், தண்ணீர் முழங்காலளவே தெரிந்தாலும் அடிச்சேறு இளகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த இறக்கம் வரை காத்திருப்பது ஒன்றே வழி.'

முக்கியமானது மேலே, விட்டாலும் பரவாயில்லை என்பது கீழே. இடம் போதாவிட்டால் பக்கம் போடுபவர் யாரையும் கேட்காமல் அடியிலிருந்து வெட்டுவார். இது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. வேலைக்குப் புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்தவள் நான். பிறகு ஏன் இதை அடியில் வைத்தேன்? தெரியும். எச்சரிக்கையோடு முடிந்தால் கனமாக இருக்கும் என்று வைத்தேன். அழகுக்கு.

அச்சில் வந்த பிறகு என் கட்டுரையை நான் படிப்பதில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மார்ச் 12, வியாழன்

அந்தக் காலத்தில் பக்கம் போட்டவரைப் போய்ப் பார்த்தேன். அலுவலகத்தில் அவருக்கு 'அடிவெட்டு' என்று பெயர். வெந்நீர்ப் பையை முழங்காலில் வைத்தபடி பிரதியையும் அச்சான பக்கத்தின் நகலையும் இரண்டு தடவை படித்தார். தவறை ஒப்புக்கொள்வார், கொஞ்சம் அவர் தலையில் இறக்கி வைக்கலாம் என்று நினைத்துத்தான் போனேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

"சோப்புக்காரன் கடைசி நேரத்துல பெரிசாக்கியிருப்பான். நாலு வரி மிஞ்சியிருக்கும். எனக்கு ஞாபகமில்ல, ஆனா வெட்டியிருப்பேன்" என்றார். தாள்களைத் திருப்பிக் கொடுத்தபடி, "ஏம்மா, உனக்குத் தெரியாததா? இத ஏன் அங்க வச்ச?"

மார்ச் 13, வெள்ளி

இன்னும் இருக்கிறது.

அந்த ஆள் இறந்த செய்தியைத் தேடினேன். கட்டுரை வந்து நாலு மாதம் கழித்து, ஐந்தாம் பக்கத்தில் ஒரு சிறு செய்தி. தையற்காரர், வயது நாற்பத்திரண்டு, முகத்துவாரத்தில் மூழ்கி இறந்தார். கடைசி வாக்கியம்: 'இப்பகுதியின் ஆபத்து குறித்து நமது நாளிதழ் ஏற்கெனவே எச்சரித்திருந்தும் அவர் அதைப் பொருட்படுத்தாமல் சென்றது குறிப்பிடத்தக்கது.'

குறிப்பிடத்தக்கது. காவல் நிலையத்திலிருந்து பெயர், வயது, நேரம் மட்டும்தான் சொல்லியிருப்பார்கள். இந்த வாக்கியம் மேசையில் உட்கார்ந்தபடி கைப்பழக்கத்தில் சேர்ப்பது. யார் சேர்த்தது என்று அன்றைய பணிப் பதிவேட்டைப் பார்த்தேன். என் கையெழுத்து.

நான்தான். ஐயோ, நானேதான். எழுதின ஞாபகம்கூட இல்லையே எனக்கு.

மார்ச் 16, திங்கள்

மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இறந்தவரின் மனைவி அதே தையற்கடையை நடத்துகிறார், விசாரித்துவிட்டேன் என்பதையும் சொன்னேன்.

"பத்தொம்பது வருஷம் ஆச்சு. அந்தம்மா ஆறிப்போயிருப்பாங்க. இப்பப் போய் ஏன் கிளர்ற? அவங்களுக்காகப் போறியா, உனக்காகவா?"

அவர் கேள்வி சரிதான்.

மார்ச் 18, புதன்

போனேன்.

சின்னக் கடை. இரண்டு தையல் இயந்திரம், ஒரு நீள மேசை, சுவர் முழுக்கக் காகித அச்சுகள். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தில் அளவு நாடா. துணி கொண்டுவரவில்லையா என்று கேட்டார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், என் நடைப் பயணத் திட்டம் உட்பட. கட்டுரை, பிரதி, செய்தி மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தேன். அவர் ஊசியைப் பஞ்சுத் திண்டில் குத்தி வைத்துவிட்டு, விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார்.

"நீங்க எச்சரிச்சீங்கன்னு பேப்பர்லயே போட்டிருந்துதே" என்றார். "பேப்பர்ல வந்தது பொய்யா இருக்கும்னு நான் எப்படி நினைப்பேன்?"

செய்தி இருந்த தாளை என் பக்கம் தள்ளினார்.

"ரெண்டு தடவ அளக்காம ஒரு துணிய வெட்ட மாட்டாருங்க அவரு. அப்படிப்பட்ட மனுஷன் சொன்னதக் கேக்காமத் தண்ணில எறங்கினாரேன்னுதான் எனக்குக் கோவம். அழுகையே வரல, கோவம்தான். எம் பையன் எங்கயாவது கெளம்பினா, அப்பன மாதிரியே சொல்பேச்சுக் கேக்காத ஜென்மம்னு திட்டியே வளத்திருக்கேன்."

மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதக் கேக்காதீங்க. கேட்டா நான் ஏதாவது பதில் சொல்லணும்."

வாசல்வரை வந்துவிட்டேன். கூப்பிட்டார். "அங்க நடக்கப் போறதாச் சொன்னீங்கல்ல?" இனிமேல் போகிற எண்ணமில்லை என்றேன். "போங்க. போய் அந்த எடத்துல நின்னு பாருங்க. பாத்தாத் தெரியுமா தெரியாதா? அத மட்டும் எனக்கு வந்து சொல்லுங்க."

மார்ச் 24, செவ்வாய்

ஐந்தாம் பக்கத்தில் திருத்தம் வந்திருக்கிறது. அந்த எச்சரிக்கை அச்சாகவே இல்லை என்று மூன்று வாக்கியம். இப்போதைய ஆசிரியர் முதலில், இத்தனை வருடத்துக்குப் பிறகு யாருக்கு ஞாபகம் இருக்கும் என்றார். தையற்கடை விலாசத்தைக் கொடுத்தேன். உடனே சம்மதித்துவிட்டார்.

ஏப்ரல் 6, திங்கள்

மூன்றாம் நாள். மூன்றாவது முகத்துவாரம்.

கடல் 12.40க்கு முழுதாக இறங்கிவிட்டது. நான் வந்து சேர்ந்தது 1.15. பரந்த பழுப்புத் தண்ணீர், அசைவே இல்லை. அகலம் அறுநூறு அடி இருக்கலாம். எதிர்க்கரையில் பாதை தொடர்வது தெளிவாகத் தெரிகிறது. ஒரு கொக்கு நடுவில் நிற்கிறது. அதன் கால் பாதிதான் நனைந்திருக்கிறது. பின்னாளில் வைத்த எச்சரிக்கைப் பலகையின் கம்பம் மட்டும் சாய்ந்து கிடக்கிறது.

ஊன்றுகோலைக் கரையோரச் சேற்றில் குத்தினேன். இரண்டு விரல் ஆழம் இறங்கி நின்றது. 1.35க்கு அதே இடத்தில் குத்தினேன். ஒரு முழம் இறங்கியது. இழுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. மேலே தண்ணீர் ஒரு சாண்கூட ஏறவில்லை. நிறம் மாறவில்லை. சத்தம் இல்லை.

இருபது நிமிடம். அந்த ஆள் நடுவில் இருந்திருப்பார்.

பின்னால் மேட்டில் கூடாரம் போட்டுவிட்டேன். நாளை மதிய இறக்கத்தில் கடப்பேன். அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்க்கிறேன்: பாத்தாத் தெரியாதுங்க. எல்லாம் தெரிஞ்சு வந்த எனக்கே தெரியல. அவரு எறங்கறதுக்கு முன்னாடி நின்னு அளந்துதான் இருப்பாரு. அளந்தாலும் சரியாத்தான் இருந்திருக்கும்.

இங்கே போனில் சிக்னல் கிடையாது. இதைச் சொல்ல இன்னும் நாலு நாள் நடக்க வேண்டும்.