மேரியக்காவின் சுகர்

வியாழன், இரவு

ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் லைசென்ஸ் வந்த பிறகு இன்றுதான் முதல் விண்ணப்பம். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் மேரியக்காவுக்கு. படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால் நானே நிரப்பினேன்.

“சுகர் கீது கண்ணு, மாத்திர போட்டுக்கினு கீறேன். அதயும் எழுதிக்கோ” என்றாள்.

எழுதினால் மருத்துவப் பரிசோதனை என்று இழுக்கும். ‘இல்லை’ கட்டத்தில் டிக் அடித்தேன்.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்க்கா.”

நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

நோயை மறைத்தால் குடும்பத்துக்குப் பணம் கிடைக்காமல் போகலாம். லைசென்ஸ் பரீட்சையிலேயே இந்தக் கேள்வி வந்தது. சரியான விடையைத்தான் குறித்தேன்.

படிவம் இன்னும் என் பையில் இருக்கிறது. நாளை காலை கொடுக்க வேண்டும். அக்காவிடம் போய் என்னவென்று சொல்வது?

கிளம்பும்போது, நான் பாஸானதற்காக, காசு வாங்காமல் வஞ்சிரம் நாலு துண்டு கட்டிக் கொடுத்தாள். அம்மா வறுத்தாள். நாலையும் நானே தின்றேன்.